கருமாதி கேட்காத கிருஷாந்தி

பிரேமினியின் போன் அலறியது.

மாலை வகுப்பின் நடுவே!

வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்த விரிவுரையாளர் வினோஜன் திரும்பினான்.

"யாரு போன் அது? சைலன்ட்ல போடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"சொரி சேர்..."

நிறுத்தப் போன பிரேமினியின் விரல் அப்படியே நின்றது.

திரையில் மினுங்கிய பெயர்... கிருஷாந்தி!

கிருஷாந்தி இறந்து இரண்டு வாரமாகிறதே!

கல்லூரிக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்கு மேலே ஒரு தொங்குபாலம். மழை பெய்த ஒரு மாலையில் அதிலிருந்து தவறி விழுந்தாள் என்றது பொலிஸ். ஒற்றைச் செருப்பும் கைப்பையும் கிடைத்தன. உடல் கிடைக்கவில்லை. அந்த ஆறு நேரே நீர்த்தேக்கத்தில் போய் விழுகிறது. சில நாள் தேடிவிட்டுக் கைவிட்டார்கள்.

அவளுடைய போனும் அவளோடு போய்விட்டது.

அந்த இலக்கம்தான் இப்போது கூப்பிடுகிறது!

"என்ன முழிக்கிறே? கொண்டா இங்க!"

வினோஜன் போனைப் பறித்தான். திரையைப் பார்த்தான்.

முகத்தில் ரத்தமே இல்லை.

"யா... யாரு விளையாடுறது?"

அவன் விரல் பட்டதோ, நடுக்கத்தில் அமுங்கியதோ... ஸ்பீக்கரில் குரல் வந்தது. முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம். அப்புறம் மூச்சு.

"பிரேமினி... நான் விழலடி..."

எல்லோர் தலையும் போன் பக்கம் திரும்பியது.

"...தள்ளுனாங்க."

தொடர்பு அறுந்தது!

பின்வரிசை வாங்கில் ஒருத்தி வீறிட்டாள். வினோஜன் போனை மேசையில் எறிந்தான், ஏதோ சுட்டதைப் போல. மடிக்கணினியைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தான். நடையா அது? ஓட்டம்!

திறந்திருந்த ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்தது. கிருஷாந்தியின் வெற்று நாற்காலியில் அது வந்து உட்கார்ந்ததாக அன்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

* * *

"ஆவி போன் பண்ணிச்சுன்னு அறிக்கைல எழுதச் சொல்றியா கண்ணு?"

நாகலெட்சுமி மிஸ் மெல்லச் சிரித்தார். கல்லூரியின் மாணவர் நலப் பொறுப்பாளர். பாலியல் தொல்லை, பாகுபாடு பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் குழுவுக்குச் செயலாளரும் அவரே. மாணவிகளை 'கண்ணு' என்றே கூப்பிடுவார்.

"குரல் அவளுடையதுதான் மிஸ். நான் நல்லாக் கேட்டேன்... கேட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

பிரேமினிக்கு எப்போதும் இந்த வியாதி. எதையும் ஒழுங்காக அடுக்கி யோசிப்பாள். அடுக்கி முடித்ததும் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடும். பகலில் ஹட்டன் டவுனில் துணிக்கடை வேலை. மாலையில் படிப்பு. தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலருக்கும் இதுதான் வழி.

"காலேஜ் வாச்சர் சின்னத்தம்பியும் பாலத்துல அவளப் பாத்தாராம் மிஸ். வெள்ளைச் சல்வார்ல."

"அந்த ஆளு சாயங்காலமானா எதையெல்லாமோ பாப்பான்! விடு."

"அப்ப முறைப்பாடு?"

மிஸ் பெருமூச்சு விட்டார்.

அந்த முறைப்பாடுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். செய்முறைப் பரீட்சைக்குப் புள்ளி போடுவது வினோஜன். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாணவிகளுக்கு மெசேஜ் அனுப்புவான். 'தனியா வா... பேசலாம்... பாஸ் பண்ணணும்ல?' டவுன் பிள்ளைகளுக்கு அனுப்ப மாட்டான். லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்! கேட்க யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

எல்லோரும் அழித்துவிட்டுத் தலை குனிந்தார்கள். கிருஷாந்தி மட்டும் எழுத்தில் கொடுத்தாள்.

"முறைப்பாடு குடுத்த ஆளே இல்லையே கண்ணு. குழு என்ன பண்ணும்? மூட வேண்டியதுதான்."

"மத்தப் பிள்ளைங்க இருக்காங்களே?"

"இருக்காங்க. யாராவது கையெழுத்து வைப்பாங்களா? நீ வைப்பியா? ஒனக்கு அவன் மெசேஜ் அனுப்பியிருக்கானா?"

"இல்ல மிஸ்..."

"பாத்தியா!" மிஸ் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "நாளைக்கு அவளுக்குக் கருமாதி. என் கார்லயே வா. அழுதுட்டு வந்தா மனசு லேசாகும்."

* * *

தோட்டத்துக்குப் போகும் பாதையெங்கும் பனிமூட்டம். கார் விளக்கு நாலடிக்கு மேல் போகவில்லை. தேயிலைச் செடிகள் திடீர் திடீரென்று முளைத்து மறைந்தன. ஒரு வளைவில் வெள்ளையாய் ஒன்று ஆட... பிரேமினி மிஸ்ஸின் கையைப் பற்றினாள்.

"கொடில காயிற வேட்டி! ஏன் கண்ணு இப்பிடி நடுங்குறே?"

கிருஷாந்தியின் வீட்டு வாசலில் கூட்டம். உடல் கிடைக்காததால் அவள் புகைப்படத்தை வைத்தே காரியம் நடந்தது. படத்துக்கு முன்னால் வாழையிலை. படையல்.

வினோஜனும் வந்திருந்தான்! கல்லூரி சார்பில் மலர் வளையத்தோடு. கண்களுக்குக் கீழே கருவளையம்.

இலையைப் பார்த்தவன் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தான். "தோட்டத்துல பொம்பளப் புள்ளைக்கும் சாராயமா? நல்ல பழக்கம்!"

பிரேமினி அப்போதுதான் இலையைக் கவனித்தாள்.

சோறு. கருவாட்டுக் குழம்பு. அவித்த முட்டை. கால் போத்தல் சாராயம். வெற்றிலை. ஒரு சுருட்டு!

படையலில் செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தான் வைப்பார்கள். தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிருஷாந்தி மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் கருவாடு பொரித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறவள்! அவளுக்குப் போய்க் கருவாடா? சுருட்டா?

"புள்ள போன துக்கத்துல தாய் வீரம்மாவுக்குப் புத்தி பெசகிருச்சு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "யாரும் வாயத் தொறந்து கேக்கல. பாவம்."

துக்கமா? அல்லது...

'நான் அதிகமாக யோசிக்கிறேனோ?' பிரேமினி தன்னையே கேட்டாள். 'கேட்டுத்தான் பார்த்துவிடுவோமே!'

வீரம்மா குடத்தோடு, மலைநீர் கொட்டும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது பின்னாலேயே போனாள்.

"அம்மா... அந்தச் சுருட்டு யாருக்கு?"

குடம் கைநழுவிக் கல்லில் மோதியது.

"யா... யாருக்கா? எம் புள்ளைக்குத்தான்."

"கிருஷாந்தி சுருட்டுப் பிடிப்பாளா?"

"போ புள்ள! காரியத்தன்னைக்கு வந்து கேள்வி கேக்குது பாரு!"

"அம்மா, நேத்து அவ எனக்குப் போன் பண்ணுனா."

வீரம்மா சுற்றிலும் பார்த்தாள். பீலித் தண்ணீர் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டு பேசினாள்.

"உசுரோட இருக்க புள்ள பேரச் சொல்லி எப்புடிம்மா எலை போடுவேன்? போட்டா நெசமாவே போயிரும்ல? கருமாதி செய்யலைன்னா ஊரு சந்தேகப்படும். அதான்... போட்டோ மட்டும் அவளோடது. எலை அவங்க அப்பாவுக்கு."

கிருஷாந்தியின் அப்பா ஆண்டியப்பன். செத்துப் பல வருடமாகிறது. சுருட்டுப் பிரியர்!

* * *

தோட்டத்தின் மேல் கணக்கில், மலையுச்சிப் பிரிவில், ஒரு பழைய பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம். கூரை ஒழுக ஆரம்பித்ததும் கைவிட்டுவிட்டார்கள். உத்தரத்தில் தொட்டில் கொக்கிகள் மட்டும் வரிசையாகத் தொங்கின.

வீரம்மா சொன்ன வழியில் வந்த பிரேமினி கதவைத் தள்ளினாள். இருட்டு. சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.

மூலையிலிருந்து வெள்ளையாய் ஒன்று எழுந்தது!

"கத்திராதடி... நான்தான்."

பிரேமினி கத்தவில்லை. கிட்டப் போய் அந்தக் கையைத் தொட்டாள். சூடாக இருந்தது.

அப்புறம்தான் அழுகை வந்தது.

"ஏன்டி இப்பிடி? ஒனக்காக எத்தனை மெழுகுதிரி கொளுத்துனேன் தெரியுமா?"

"மிச்சம் இருந்தா குடு. இங்க கரண்ட் இல்ல."

"பாவி! நடந்ததச் சொல்லு."

"பாலத்துல நடந்துக்கிட்டிருந்தேன். மழை... பனி. பின்னால வந்து யாரோ கையிலிருந்த போனப் புடுங்குனாங்க. திரும்பறதுக்குள்ள தள்ளிட்டாங்க. கீழ மூங்கில் வேர்ல மாட்டிக்கிட்டேன். ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தேன்."

"யாரு?"

"தெரியலையே! அதானடி பிரச்சினை. வெளிய வந்தேன்னா, தள்ளுன ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது. நான் இருக்கிறது மட்டும் அந்த ஆளுக்குத் தெரியும். செத்தவளா இருந்தாத்தான் உசுரோட இருக்கலாம்."

"அந்த நம்பர்?"

"முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு இன்சாப் நானாவோட போன் கடைக்குப் போய், அடையாள அட்டையக் காட்டி அதே நம்பருக்குப் புது சிம் எடுத்தேன். அட்டையையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. 'மவுத்தானவங்களுக்குச் சிம் குடுக்கக் கூடாதுன்னு கம்பனி சொல்லல தங்கச்சி'ன்னாரு. யாருகிட்டயும் மூச்சு விடல."

பிரேமினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப சின்னத்தம்பி அண்ணன் பாத்தது?"

"என்னையத்தான். ஏதாச்சும் தடயம் கெடக்கான்னு பாக்கப் போனேன். பாவம், 'முருகா'ன்னு ஓடுன ஓட்டத்துல டோர்ச்ச விட்டுட்டுப் போயிட்டாரு." கிருஷாந்தி முகம் மாறியது. "சேர் மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? அதுக்குத்தான் வகுப்பு நேரம் பாத்துக் கூப்புட்டேன்."

"வெளுத்துருச்சு. ஆனா... செத்தவ கூப்பிட்டா யாருக்கும் வெளுக்கும். அத வச்சு என்னால முடிவு பண்ண முடியல. அன்னைக்கு நீ யார்கிட்ட என்ன சொன்னே?"

"குழு முன்னால சொன்னேன். முந்தி அவனால படிப்ப விட்ட அக்காமார் சில பேரக் கண்டுபிடிச்சிட்டேன், அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாறேன்னு. ரகசியமா வைக்கிறது அவங்க கடமை. வச்சாங்களான்னு தெரியல."

பிரேமினி தொட்டில் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டே அடுக்கிப் பார்த்தாள்.

"பூண்டுலோயாவுல எங்க பெரியம்மா வீடு சும்மா கெடக்கு. நாளைக்கு விடியங்காட்டி அங்க போயிரலாம்," என்றாள்.

* * *

மறுநாள் மாலை. கல்லூரி நடைபாதையில் வினோஜனை மறித்தாள் பிரேமினி.

"சேர், கிருஷாந்தி சாகல. லிந்துலைல ஒரு வீட்ல இருக்கா." வீட்டையும் சொன்னாள்.

வினோஜன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "உ... உயிரோட இருக்காளா? கடவுளே! நான் ஒண்ணுமே செய்யல! மெசேஜ் போட்டேன்... அவ்வளவுதான். அது சும்மா ஜோக்!"

"எங்களுக்குச் சிரிப்பே வரலையே சேர்!"

அவன் விறுவிறுவென்று வெளியேறினான்.

பிரேமினி நேரே நலப் பிரிவுக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"மிஸ்... உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

சொன்னாள். நாகலெட்சுமி மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது.

"எம் புள்ள! உயிரோட இருக்காளா! சாமிக்குக் கண்ணிருக்கு!"

"சேர்கிட்ட லிந்துலைன்னு பொய் சொல்லியிருக்கேன் மிஸ். அவர் அங்க போனா மாட்டுவாரு. சப்-இன்ஸ்பெக்டர் நிரஞ்சன்கிட்ட சொல்லி அங்க பொலிஸ் நிக்குது. அவ உண்மையா இருக்கது பூண்டுலோயால. எங்க பெரியம்மா வீட்ல, கோயிலுக்குப் பக்கத்துல."

"கெட்டிக்காரி!" மிஸ் அவள் கன்னத்தைக் கிள்ளினார். "பாத்து கண்ணு. வேற யார்கிட்டயும் மூச்சு விட்டுறாத!"

* * *

பூண்டுலோயா. அடுத்த நாள் பிற்பகல்.

மலையிலிருந்து பனி இறங்கி வாசல்வரை வந்துவிட்டது. உள்ளறைக் கட்டிலில் தலைமுதல் கால்வரை கம்பளி. அதற்குள் ஓர் உருவம், சுவரைப் பார்த்தபடி. அசைவில்லை.

பிரேமினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிந்துலையிலிருந்து தகவல் வரவேண்டும்.

வந்தது. 'யாரும் வரவில்லை.'

'பிழை விட்டுவிட்டேனோ? எப்போதும் போல?'

அப்போது... கதவு தட்டப்பட்டது.

டொக்... டொக்...

"யாரு?"

திறந்தாள்.

பனிக்குள் நாகலெட்சுமி மிஸ்!

"மிஸ்... நீங்களா?"

"மனசு கேக்கல கண்ணு. புள்ளையப் பாக்கணும் போல இருந்துச்சு. எங்க?"

"காய்ச்சல் மிஸ். மாத்திரை போட்டுத் தூங்குறா."

"தூங்கட்டும், எழுப்பாத. நீ கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வா. நான் பக்கத்துல இருக்கேன்."

பிரேமினி குடையை எடுத்தாள். படியிறங்கினாள்.

கடைக்குப் போகவில்லை.

வீட்டைச் சுற்றி வந்து, உள்ளறை ஜன்னலுக்கு வெளியே நின்றாள். 'கடவுளே, நான் நினைத்தது பிழையாக இருக்கட்டும். மிஸ் அவள் தலையைத் தடவிக் கொடுக்கட்டும். நான் ஒரு முட்டாளாகவே இருந்துவிடுகிறேன்!'

கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தாள்.

மிஸ் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கம்பளிமேல் கையை வைத்தார். மெதுவாகத் தடவிக் கொடுத்தார்.

பிரேமினிக்கு மூச்சு வந்தது.

மிஸ் பக்கத்திலிருந்த தலையணையை எடுத்தார்.

முகம் இருக்கும் இடத்தில் வைத்தார்.

இரண்டு கைகளாலும்... முழுப் பாரத்தோடு... அழுத்தினார்!

"ஐயோ!"

அலறியது பிரேமினி இல்லை. மிஸ்!

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. கறுத்த, வெடித்த, கொழுந்து பறித்தே இரும்பான கை!

கம்பளி விலகியது. வீரம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"எம் புள்ளையத் தள்ளுன கையி இதுதானா தாயி?"

அடுப்படியிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் நிரஞ்சன் வெளியே வந்தார், கூடவே ஒரு பெண் பொலிஸ்.

"வீரம்மா, விடுங்க. மணிக்கட்டு முறிஞ்சா நான் எந்தக் கைக்கு விலங்கு போடுறது?"

பிரேமினி உள்ளே ஓடிவந்தாள். மிஸ் அவளை வெறித்துப் பார்த்தார்.

"நீ... என்னையச் சந்தேகப்பட்டியா கண்ணு?"

"இல்ல மிஸ். சேருக்கு ஒரு எடம் சொன்னேன். உங்களுக்கு ஒரு எடம் சொன்னேன். ரெண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் சோதிச்சேன். நீங்க வரக்கூடாதுன்னுதான் சாமி கும்பிட்டேன்." பிரேமினி அவர் முன்னால் வந்து நின்றாள். "ஏன் மிஸ்? அவ உங்கள நம்பித்தானே முறைப்பாடே குடுத்தா?"

மிஸ்ஸின் முகத்திலிருந்து 'கண்ணு' காணாமல் போயிற்று.

"தை மாசம் எம் மகளுக்குக் கல்யாணம்டி! மாப்பிள்ளை வினோஜன்! மண்டபம் பேசியாச்சு! லயத்துல கெடந்த ஒருத்தி நாலு மெசேஜத் தூக்கிட்டு வந்து எம் மக வாழ்க்கையக் கெடுப்பா, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? முந்தி வந்த எத்தனையோ பேரப் பேசியே திருப்பி அனுப்பியிருக்கேன். இவதான் அடங்கல! பழைய ஆளுங்களையெல்லாம் தேடிப் புடிக்கிறா!"

"மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல போல," என்றார் நிரஞ்சன். "காலையில பெட்டியோட கொழும்பு பஸ்ல ஏறியிருக்காரு. எறக்கிட்டோம். மெசேஜ் விவகாரத்துக்கு அவருக்குத் தனிக் கேஸ்."

பெண் பொலிஸ் விலங்கை எடுத்தார். மிஸ் திமிறினார்.

"என்ன ஆதாரம் இருக்கு ஒங்ககிட்ட? பாலத்துல நான் தள்ளினத யாரு பாத்தா? செத்தவ வந்து சாட்சி சொல்லுவாளா? அவளையும் காணோம்! எல்லாம் இவளுக கட்டுன கதை!"

அடுப்படி வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. வெள்ளைச் சல்வார். ஈரக் கூந்தல்.

மிஸ்ஸின் வாய் திறந்தபடி நின்றது. அவர் சுவரோடு சுவராகப் பின்வாங்கினார்.

"வ... வேணாம்... கிட்ட வராத!"

"பயப்படாதீங்க மிஸ். தலைக்கு ஊத்திருக்கேன், அவ்வளவுதான்," என்றாள் கிருஷாந்தி.

நிரஞ்சன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "செத்த மாதிரி நடிச்சதுக்கு ஒன் பேர்லயும் ஒரு கேஸ் போடலாம் தங்கச்சி."

"போடுங்க சேர். உசுரோட இருக்கேன்னு கோர்ட்டே எழுதிக் குடுத்துரும்."

விலங்கு பூட்டிய சத்தம். மிஸ்ஸுக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. தலை நிமிர்ந்தார். பழைய அலுவலகக் குரல்!

"இது அநியாயம்! எனக்கும் உரிமை இருக்கு! என்னைய ஏமாத்தி வரவழைச்சதுக்கு எல்லாரு மேலயும் நான் முறைப்பாடு குடுப்பேன்!"

கிருஷாந்தி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு முன்னால் போட்டாள்.

"உக்காந்து நிதானமா எழுதிக் குடுங்க மிஸ்... நாங்க யாரையும் ஆத்துல தள்ள மாட்டோம்!"